தட்டு வேண்டாம் என்ற சேரன்

சேரன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குச் சிநேகிதன், ஆகையால் அவனைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. நாள் முழுக்க அவன் வாயில் ஒரே பாட்டுதான்: படியில் நிற்காதே, உள்ளே வா. கூட்டேரிப்பட்டில் ஏறுகிறவர்கள் யாராவது படியில் தொங்கினால் விசிலை ஊதி பஸ்ஸையே நிறுத்திவிடுவான். அடுத்தவன் காலுக்கு அவ்வளவு அக்கறை.

ஊருக்குத்தான் உபதேசம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கியர் இல்லாத மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனமலைப் பக்கத்துப் பாறைக் குன்றுக்குப் போய்விடுவான். கியர் இல்லாத வண்டியில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று, முழு உடம்பையும் பெடல் மேல் போட்டு மிதிக்க வேண்டும். போன வருஷம் அப்படி மிதிக்கும்போது பெடலோடு சுற்றும் பல் சக்கரம் பாறையில் இடித்துச் செயின் கழன்றது. கால் வழுக்கி, பல்லெல்லாம் வலது கெண்டைக்கால் சதையில் இறங்கிவிட்டது. மாசக்கணக்கில் வீட்டில் கிடந்தான். இன்னொரு தடவை இப்படி ஆனால் நின்றுகொண்டே செய்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அவன் மனைவி இசைவாணி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு மருந்து இருக்கிறது. பாஷ் கார்டு என்பார்கள். பல் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் மாட்டும் வட்டமான அலுமினியத் தட்டு. பல்லைவிடக் கொஞ்சம் பெரியது. பாறையில் இடித்தால் தட்டுதான் இடிக்கும், வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். பல் காலில் ஏறாது. புதுச்சேரிக்குப் போனபோது நானே ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். மகாராஜா மாட்டவில்லை. தட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கி நிற்குமாம், சும்மா தாண்டக்கூடிய கல்லிலும் இடிக்குமாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள், விழப்போகிறவன்தான் தட்டு மாட்டுவான் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை மாதம் அந்தக் குன்றிலேயே போட்டி வைத்தார்கள், கியர் இல்லாத வண்டிக்குத் தனிப் பிரிவு. கடைசி ஏற்றத்தில் ஒரு சாணுக்கு மேல் உயரமான பாறைப் படி. போன வருஷம் அவன் விழுந்தது அங்கேதான். போட்டிக்கு முந்தின நாள் இசைவாணி சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அப்புறம் என் எதிரிலேயே கேட்டாள்.

"படியில நிக்கிறவன உள்ள வா, உள்ள வான்னு கத்திக்கினு வர்றியே, உன் கால இன்னா நெனச்சிக்கினு இருக்கிற?"

அவன் தட்டை எடுத்து மாட்டினான். கடைசி போல்ட்டை இறுக்கும்வரை அவள் நகரவில்லை.

காலையில் குன்றடியில் இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றி என் பையில் திணித்தான். நான் கத்தினேன். அவள் போட்டி முடிகிற கோட்டில்தானே நிற்பாள், பார்க்க மாட்டாள் என்றான்.

நான் பாறைப் படிக்குப் போனபோது அவள் அங்கேதான் நின்றிருந்தாள். தட்டு என் தோளில் தொங்கும் பையில் இருக்கிறது. சொல்லவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சேரன் முதலாவதாக வந்தான். இன்னொருவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, பல் சக்கரத்தைப் பார்த்தாள். வெயிலில் பல்லெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். இந்த நேரத்தில் கூப்பிட்டால் கவனம் சிதறி விழுவான் என்று அவளுக்குத் தெரியும். முன் சக்கரம் படியில் ஏறியது. அவன் எழுந்து நின்று மிதித்தான். பல் சக்கரம் பாறை விளிம்பை மயிரிழையில் தாண்டியது. பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. ஏறிப் போய்விட்டான்.

கழுத்தில் மெடலோடு திரும்பி வந்தவன் நேராக அவளிடம்தான் போனான். தட்டு இருந்திருந்தால் அந்த விளிம்பில் நிச்சயம் இடித்திருக்கும் என்றான். அது உண்மைதான், நானும் பார்த்தேன்.

"ஆமாய்யா, நீ சொன்னது சரியா போச்சு," என்றாள் இசைவாணி. "விழுந்திருந்தீன்னா தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கி ஓடியிருப்பேன். அத்தோட உனக்கும் புத்தி வந்திருக்கும். இப்ப ஜெயிச்சிட்ட. இனிமே நீ விழற நாளு வரிக்கும் நான் இப்பிடியே நின்னுக்கினு இருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் தனியாகக் குன்றிலிருந்து இறங்கத் தொடங்கினாள்.  அவன் என் பையைத் திறந்து தட்டை எடுத்து, சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு போல்ட்டை மாட்டப் பார்த்தான். அது கை நழுவிப் பாறையில் உருண்டது. எடுத்து மறுபடி மாட்டப் பார்த்தான். மறுபடி விழுந்தது.

"நீ மாட்டுடா ஜெகா," என்று போல்ட்டை என்னிடம் நீட்டினான். "என்னால முடியல."