டின்னில் மிஞ்சிய குஞ்சுகள்

1. மீனுக்கு ஒரு சப் இன்ஸ்பெக்டர்

எழுபதுகளின் கடைசியில் மீன்துறை சப் இன்ஸ்பெக்டராக அரியலூருக்கு வந்தேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் பதவியைச் சொன்னதும் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "எந்த ஸ்டேஷனுங்க?" என்று கேட்டார். மீன்துறை என்றேன். "அட, மீனுக்கா?" என்று மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை ஏறக்குறைய அந்த அளவுதான்.

முதல் கோடையிலேயே ஒரு பஞ்சாயத்து வந்து சேர்ந்தது. மருதையாற்றில் ஓட்டம் நின்று, மடுக்களில் மட்டும் தண்ணீர் கிடந்தது. டவுனிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு பெரிய மடு. அதில் ஜிலேபி கெண்டை மண்டிவிட்டது, விரால் அற்றுப்போகிறது, அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தூண்டில்காரர்கள் சிலர் திருச்சி ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். சீக்கிரம் பெருகும், ஏழை ஜனங்களுக்கு ஆகும் என்று முன்னொரு காலத்தில் ஏரிகளில் விட்டதே எங்கள் துறைதான். அதை ஆபீசில் யாரும் பேசுவதில்லை.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "தண்ணி கம்மியாத்தானேய்யா கெடக்கு? இலுப்பைப் பிண்ணாக்கக் கரைச்சு ஊத்திட்டா ஒரே நாள்ல தீந்துச்சு. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் வேண்டாத மீனைக் கழிக்க நாங்கள் செய்கிற வேலை அது. பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் மீன்கள் மயங்கி மிதக்கும். பிறகு தண்ணீர் சரியாகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை அதில் மீன் என்று ஒன்று இருக்காது.

2. மடுவங்கரையில் மூன்று தூண்டில்

புகார் சொன்னவர்களில் முக்கியமானவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். எல்லாரும் கார்டு சார் என்றே கூப்பிட்டார்கள். டியூட்டி இல்லாத நாளெல்லாம் மடுவங்கரையில்தான் இருப்பார். விராலைத் தவிர வேறு மீனுக்குத் தூண்டில் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்.

"விரால் பார்ப்பு பாத்திருக்கீங்களா தம்பி? குஞ்சுங்க செகப்பா கும்பலா மேல வரும். அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்த நேரத்துல நான் தூண்டி போட மாட்டேன். ரெண்டு மூணு வருசமா இந்தக் கரையில அந்தச் செகப்பையே காணோம். முட்டையையும் குஞ்சையும் இந்தச் சனியன் தின்னுடுது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதை."

ஒரு மீனுக்காக மனிதர் இவ்வளவு வருந்துவாரா என்று எனக்கு ஆச்சரியம்.

நாலடி தள்ளி மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்தவர் செல்லம்மா. சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமக்கிறவர். வேலை விட்டதும் நேராக இங்கே வந்து மண்புழு கோத்துப் போடுவார்.

"சார், விராலு எங்க வூட்டுச் சட்டிக்குத் தீபாவளி மாதிரி, என்னைக்கோதான் வரும். சிலேபி தெனம் வருது. கார்டு ஐயா புடிக்கிறது ஆசைக்கு, நான் புடிக்கிறது சோத்துக்கு. மருந்து ஊத்திட்டீங்கன்னா மழ வர்ற வரைக்கும் எம் புள்ளைங்க எதத் தொட்டுக்கிட்டுத் திங்கும்?"

"நான் என்ன உன் சோத்துல மண்ணப் போடவா சொல்றேன்?" என்றார் கார்டு சார்.

"பின்ன என்னங்க?"

கெளுத்திக்காகக் காத்திருந்த டீக்கடை பாய் இடையில் புகுந்தார். "சிலேபி ஆணத்துக்கு ஆகாதுங்க சார், கொழம்புல சேத்து வாடை அடிக்கும். பொரிச்சா பரவாயில்ல. இதுக்குப் போய்ச் சண்டை போடறாங்க பாருங்க."

மூன்று பேரும் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆபீசுக்கு ஒரே பதில்தான் கொண்டுபோக முடியும் என்பதுதான் சிக்கல்.

3. கரும்புள்ளி

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். கார்டு சார் பால்பவுடர் டின் ஒன்றைத் திறந்தார். மூடியில் ஆணியால் போட்ட துளைகள். உள்ளே தண்ணீரில் விரல் கணுவளவு குஞ்சுகள். ஒன்றை எடுத்து முதுகில் முள்ளைக் கோத்து, தாமரைக்கொடி ஓரமாக வீசினார். விராலுக்கு உயிர் இரைதான் இழுப்பு.

"எங்க புடிச்சீங்க சார்?"

"டவுன் ஏரியில. துணிய விரிச்சு அள்ளுனா வந்துடும். எல்லாம் நம்மூரு கெண்டப்பொடி."

அன்று விரால் இரையை எடுக்கவில்லை. கிளம்பும்போது டின்னை மடுவில் மெதுவாகச் சாய்த்தார். மிச்சக் குஞ்சுகள் தண்ணீரில் கலைந்து ஓடின. "இரைக்குன்னு கொண்டாந்து மிஞ்சுன உசுர வூட்டுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. போனா மறுநாள் ஒண்ணும் கடிக்காது. இங்க விரால் புடிக்கிறவன் எல்லாரும் இப்பிடித்தான்" என்றார்.

டின்னின் அடியில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். குஞ்சு பிரிப்பது எனக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்த வேலை. முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இருந்தது. அந்த வயதில் ஜிலேபியின் அடையாளம் அது.

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கையை நீட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நாந்தான் கொண்டாந்தேனா?"

"ஏரியில விட்டது எங்க டிபார்ட்மென்ட் சார். ஆத்துக்கு வெள்ளத்துல வந்திருக்கலாம். டின்னுலயும் வந்திருக்கலாம். யாரு கண்டா?"

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். "பிண்ணாக்கு போட்டா விராலும் சாகுமா? அது மேல வந்து மூச்சு வாங்குற மீனாச்சே, தப்பிச்சுடும்னு நெனச்சேன்."

"ஒண்ணு ரெண்டு தப்பலாம். மருந்துக்கு ஊர் மீனு, வந்த மீனுன்னு தெரியாது சார்."

மறுவாரம் போனபோது அவரே வந்து, புகாரை விட்டுவிடலாம் என்றார். மருந்து வேண்டாம் என்று ஆபீசில் சொன்னேன். அதிகாரிக்குப் பிண்ணாக்குச் செலவு மிச்சம், அதிகம் கேட்கவில்லை. அதன்பிறகு கார்டு சார் தவளை இரைக்கு மாறினார். மாறுவதற்கு முன் கடைசியாக அள்ளிவந்து டின்னில் மிஞ்சிய குஞ்சுகளை ஆற்றிலும் விடாமல் வீட்டுக்கும் கொண்டுபோகாமல் திண்டாடியவரிடமிருந்து செல்லம்மா டின்னை வாங்கிக்கொண்டார். "பொடிமீன் கொழம்பு வச்சா ருசியாத்தான் இருக்கும்" என்றார். கார்டு சார் சிரிக்கவில்லை. அந்த மடுவில் சிவப்புப் பார்ப்பை நான் இருந்த வரைக்கும் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எனக்கு இன்னமும் அது வருத்தம்தான்.

4. புது மீன்

ஐப்பசியில் ஆறு ஓடத் தொடங்கியதும் துறையிலிருந்து கட்லா, ரோகு குஞ்சுகளைப் பாலிதீன் பைகளில் கொடுத்தனுப்பினார்கள். மடுவங்கரையில் முதல் பையின் கட்டை அவிழ்த்தேன். கார்டு சார் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். செல்லம்மாவும் கழியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இது வளருமா சார்?" என்று செல்லம்மா கேட்டார். அவருக்கு வேண்டியது அதுதான்.

"நல்லா வளரும்க்கா."

கார்டு சார் பைக்குள் எட்டிப் பார்த்தார். "இதுக்குச் சொந்த ஊரு எது தம்பி?"

"கங்கைப் பக்கம் சார்."

மழை பையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. கார்டு சார் சொன்னார்: "ஊத்தறதுன்னா யோசிச்சு ஊத்துங்க. ஊத்துனத அள்ள முடியாது."

அன்று ஊற்றினேன். உத்தரவு இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆற்றில், ஏரியில் குஞ்சு விட்டிருக்கிறேன். பையை அவிழ்க்கும் முன்னால் அந்தக் கரைக்காரர்களைக் கூப்பிட்டு, இந்தத் தண்ணீரில் இப்போது என்ன மீன் இருக்கிறது என்று கேட்காமல் ஒரு தடவையும் விட்டதில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு இடத்தில் கட்டை அவிழ்க்காமலே பையைத் திருப்பிக் கொண்டுபோய், ஆபீசில் திட்டும் வாங்கியிருக்கிறேன்.