சுறா பிடிக்கிற கையில் ஒரு நாய்

பிள்ளைகளா, நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு வகுப்பு என்று ஒன்றுக்குப் போனது எங்கள் நாயோடுதான்.

நாய்க்குப் பெயர் உண்டு. இங்கே எழுத மாட்டேன். எங்கள் தேவாலயத்தில் முன்பு இருந்த பங்குச்சாமிக்கும் அதே பெயர் என்பதால் வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கிறது.

பாம்பன் பக்கம், அக்காள்மடத்தில், எங்கள் தெருவில் அவிழ்ந்து திரிந்தவரை அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை. கரையில் மற்ற நாய்களோடு மீன்தலைக்குக் காத்துக் கிடக்கும். ஆனால் மெயின் ரோட்டில் யாத்திரை வேன்கள் பறக்கின்றன. ஒரு வேன் அதன் வாலை உரசிக்கொண்டு போன அன்றைக்குக் கழுத்தில் கயிறு கட்டினேன். கட்டியதும் அது வேறு நாயாகிவிட்டது. எதிரே இன்னொரு நாய் வந்தால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று குரைக்கும். ஒருமுறை ஒரு நாயைப் பார்த்துவிட்டு, ஜெபமாலைக்குப் போன பெண்கள் கூட்டத்துக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. எதிர்வீட்டு அக்கா சாக்கடையில் காலை விட்டார். அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது. அதற்கப்புறம் அவர் வாயில் வந்தது ஜெபம் இல்லை.

பழக்கு, இல்லையென்றால் எங்கேயாவது கொண்டுபோய் விடு என்று தெருவில் சொல்லிவிட்டார்கள். கருவாடு வாங்க வரும் கமுதி வியாபாரி, "எங்கிட்டக் குடுங்கண்ணே, மொளகாக் கொல்லைக்குக் காவலாக் கெடக்கட்டும்" என்றார். அடுத்த லோடுக்கு வரும்போது கூட்டிப்போவதாகப் பேச்சு. அன்றிலிருந்து என் மகள் என்னிடம் பேசவில்லை. எதுவானாலும் நாய் வழியாகத்தான்: "அய்யாகிட்டச் சொல்லு, எனக்குச் சோறு வேணாம்னு."

மண்டபத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஞாயிறுதோறும் நாய்களைப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த கையோடு, அதே வெள்ளை வேட்டியில், மச்சானின் மீன் வண்டியில் நாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்தேன்.

"பூசையில தூங்குற மனுசன் நாய் கிளாசுல என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போறாரோ" என்று சொல்லித்தான் மனைவி வழியனுப்பினாள்.

பழக்குகிறவர் ஒரு இளம்பெண். நாய்க்குப் பிடித்த தீனி கொண்டுவரச் சொல்லியிருந்தார். எல்லோரும் வேகவைத்த கோழி கொண்டுவந்திருந்தார்கள். நான் சட்டைப் பையில் நெத்திலிக் கருவாடு வைத்திருந்தேன். தோப்பில் இருந்த அத்தனை நாயும் தங்கள் எஜமானை விட்டுவிட்டு என் சட்டையையே பார்த்தன. பேங்க் அதிகாரி ஒருவர் பஞ்சுமிட்டாய் போல ஒரு வெள்ளை நாயைப் பிடித்து நின்றார். எங்கள் நாய் அதன் மேல் பாய்ந்தது. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். கயிற்றை உள்ளங்கையில் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, இழுத்தேன்.

"அண்ணே, நாயப் பிடிச்சிருக்கீங்களா, சுறாவப் பிடிச்சிருக்கீங்களா? கயித்தத் தளர விடுங்க!" என்று அந்தப் பெண் கத்தினார்.

தளர விடுவதா? வலை இழுக்கும்போது கயிறு தொய்ந்தால் எங்களுக்கு நெஞ்சும் தொய்ந்துபோகும். என்னவோ கைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அவரிடம் அதைச் சொன்னேன்.

"அப்பச் சரி. நாய அந்த மரத்துல கட்டுங்க. இப்ப நீங்க நாயா இருங்க."

என் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, தோப்பைச் சுற்றி நடக்கவிட்டார். பேங்க் அதிகாரி எதிரே வந்தார். கயிறு சட்டென்று இறுகியது. பாவம், அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கை இறுகியதும், இவர் ஏதோ செய்யப்போகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

"என்னய்யா மொறைக்கிற?" என்று கேட்டுவிட்டேன்.

தோப்பே சிரித்தது. என் மகள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யா, நீங்க கொரைக்கிறீங்க!" நாய் வழியாக இல்லாமல் அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"பாத்தீங்களா? கயிறு இறுகுனா, வாரவன் எதிரின்னு நாய்க்கு நீங்களே சொல்லிக் குடுக்குறீங்க. தூரத்துல நாயப் பாத்ததுமே, இது கொரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கருவாட்டக் குடுங்க. கயித்த மட்டும் இறுக்காதீங்க" என்றார் அந்தப் பெண்.

நாய் சீக்கிரம் படித்துக்கொண்டது. என் கைதான் மக்கு. தெருமுனையில் ஒரு நாய் தலை தெரிந்தால் போதும், கை தானாகவே கயிற்றைச் சுற்ற ஆரம்பித்துவிடும். மகள் பின்னாலேயே வருவாள். "அய்யா, கை!"

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏலே, நாய் ஒழுங்காத்தான் போவுது. நீ ஏன் சிலுவப் பாதையில போறவன் மாதிரிப் போற?" என்பார்.

கமுதி வண்டி வந்தது. கருவாட்டுக் கூடைகளை ஏற்றிவிட்டு, "நாயக் கொண்டாங்கண்ணே" என்றார் வியாபாரி. வண்டிக்கு முன்னால் அவருடைய கறுப்பு நாய் படுத்திருந்தது.

"பொறுங்க. ஒரு தடவ நடந்து காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். தெரு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் முன்னெச்சரிக்கையாகப் படி மேல் ஏறி நின்றார்.

கறுப்பு நாய் எழுந்து உறுமியது. என் விரல்கள் மடங்கின.

"அய்யா, கை!"

விரித்தேன். கயிறு தொய்ந்து மணலைத் தொட்டது. எங்கள் நாய் கறுப்பைப் பார்த்தது, என் சட்டைப் பையைப் பார்த்தது. கருவாட்டை வாங்கித் தின்றது. நடந்தது. வண்டியைத் தாண்டும்போது நின்று, பின்சக்கரத்தின் மேல் காலைத் தூக்கியது.

"என்னண்ணே, வண்டிய நனைச்சுருச்சே!"

"கடிக்கலேல்ல?" என்றாள் என் மகள்.

வியாபாரி சிரித்துவிட்டார். தன் நாயை மட்டும் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கருவாடு மட்டும் கமுதிக்குப் போனது.