கடிகாரம் இல்லாத அறை

ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைக்கடியில் வைக்கிறார் பஸீலா. நாட்காட்டியைத் திருப்பி மாட்டுகிறார். பெர்மாஸ் ஜெயாவின் அந்த மறுவாழ்வு நிலையத்தில் ஒவ்வொரு நோயாளி வருமுன்னும் இதே கூத்துதான். பார்த்துக் காப்பியடிக்க எதுவும் இருக்கக் கூடாது.

ஞாபகம் தேய்கிறதா, சமைக்கவும் வண்டி ஓட்டவும் இன்னும் முடிகிறதா என்று கண்டறிவது தொழில்வழிச் சிகிச்சையாளரான அவருடைய வேலை. வருகிறவர்களுக்கோ அவர் 'மிஸ்ஸி'. நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். சோதனை என்று வாய்தவறியும் சொல்லமாட்டார். "சும்மா பேசலாம் லா" என்பார். அவரை ஏய்க்கவென்றே வெளியே பெஞ்சில் டியூஷன் நடக்கிறது. உள்ளே போய் வந்தவரின் மனைவி, அடுத்தவரின் மனைவிக்குக் கேள்விகளைக் கடத்திவிடுவார். புருஷனை எப்படியாவது பாஸாக்கிவிடத் துடிக்கும் அந்தப் பெண்கள்மேல் பஸீலாவுக்குக் கோபம் வராது.

அன்று கடைசியாக வந்தவர் லெட்சுமணன், பண்டார் தெங்காராவில் பள்ளி வேன் ஓட்டுபவர். போன மாதம், பிள்ளைகள் கத்தியும் கேட்காமல், எப்போதோ மூடிவிட்ட எஸ்டேட் பள்ளி வாசலில் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மனைவி அங்கம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கடிகாரம் வரைங்க அங்கிள். மணி மூணே முக்கால்."

வட்டம் அழகாக விழுந்தது. எண்களும் சரி. முட்கள் மட்டும் பதினொன்று பத்தைக் காட்டின.

"இன்னொன்னு வரையலாமா? மூணே முக்கால்."

மறுபடியும் பதினொன்று பத்து. அங்கம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"நாந்தான் மிஸ்ஸி... தேதி வாங்க வந்தப்ப, பதினொன்னு பத்தத்தான் கேப்பாங்கன்னு வெளிய பெஞ்சுல சொன்னாங்க. தெனமும் வரைய வச்சேன்."

பஸீலா பூசி மெழுகவில்லை. "அங்கிள், இனிமே வேன் ஓட்ட வேணாம். டாக்டருக்கும் அப்படித்தான் எழுதப்போறேன்."

லெட்சுமணன் சட்டைப் பையிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டு அழுதார். "அந்தப் புள்ளைங்க என்னைய விட்டா யாருகூட போகும் மிஸ்ஸி?" அங்கம்மா அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார். பஸீலா கடிகாரத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார். இந்த வேலைக்கு ஏன்தான் வந்தோமோ என்றிருந்தது.

அங்கம்மா கவுண்டரில் நின்றிருந்த நேரம், கதவு திறந்தது. லெட்சுமணன் சிரித்தபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"வணக்கம் மிஸ்ஸி. ஏதோ செக் பண்ணணும்னாங்க. சீக்கிரம் முடிச்சு விட்டுருங்க, புள்ளைங்கள ஏத்தப் போகணும்."

பஸீலா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றினார்.