கடைசிப் பெட்டி

ஆரல்வாய்மொழியில் எடுத்ததென்று அக்காள் மகன் ஒரு கூட்ஸ் வண்டிப் படத்தைப் போனில் காட்டிப் பீற்றிக்கொண்டான். காற்றாலைகள், பொய்ச் சிவப்பில் வானம், நடுவே எஞ்சின். எஞ்சினை எந்த மடையனும் எடுப்பான்.

அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தார். அவரைப் படம் பிடிக்கிறேன் என்று துபாய் மாமா ஒருநாள் எங்களை இரணியல் ரயில்வே கேட்டுக்கு அழைத்துப் போனார். எஞ்சின் வந்ததுமே பிலிம் முழுவதையும் தீர்த்துவிட்டார்.

"மக்கா, எஞ்சின் படத்துல என்னமா விழுந்திருக்கு!" என்றார்.

"அண்ணா, அவரு கடைசிப் பெட்டியிலல்லா நிப்பாரு?" என்றாள் அம்மா.

சலவைச் சட்டையும் வாரிய தலையுமாக அப்பா, மாமாவின் காலிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கடந்து போனார்.

"கடைசிப் பெட்டி எங்கலே?" என்று அக்காள் மகனிடம் கேட்டேன்.

"அதுல என்ன மாமா இருக்கு?" என்றான்.