கிணற்று ஜலம்

வலியசாலை ராஜஸ்ரீக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அந்தத் திங்கட்கிழமை அவள் பேசியது பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தோசை மாவு அரைத்து விற்கிறவள் அவள். கழக்கூட்டத்து ஹாஸ்டல் ஒன்று அன்று முதல் தினமும் அறுபது கிலோ கேட்டிருந்தது. சித்திரை வெயில் கொளுத்தும் மேடமாசச் சூட்டில் அவ்வளவு மாவும் போய்ச் சேருவதற்குள் புளித்துப் பொங்கிவிடும். அதனால் பழைய ஜன்னல் ஏசியைப் பிரித்தாள். குளிரும் காயிலை வெளியே வளைத்து ஐஸ் பெட்டிக்குள் இறக்கினாள். முதல் காயில் மடங்கி கேஸ் போயிற்று, இரண்டாவது ஒடியாமல் நின்றது. ஏசியின் தெர்மோஸ்டாட் பதினாறு டிகிரிக்குக் கீழே விடாது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்று வைத்தாள். பெட்டியில் தண்ணீரோடு, உணவுக்கு ஆகும் கிளைகால் திரவம் கலந்து ஊற்றினாள். மைனஸ் மூன்றிலும் அது உறையாது. சின்ன பம்ப் ஒன்று அதை மாவு டிரம்மைச் சுற்றிய செம்புக் குழாயில் ஓட்டும். மூன்று மாத உழைப்பு, கையில் நாலு தழும்பு.

திங்கள் காலை பெட்டி முழுக்கப் பனிக்கட்டி. பம்ப் கருகியிருந்தது. காயில் நசுங்கிக் கேஸ் போயிருந்தது. மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது.

கணவனின் அண்ணன் சாம்பசிவன் விபூதியோடு வந்து நின்றார். கோயில் நைவேத்திய வடைக்கு உளுந்து அரைப்பதும் அதே அறையில்தான், அரைப்பவளும் ராஜஸ்ரீதான். கொண்டுபோய்க் கொடுத்துப் பேர் வாங்குவது மட்டும் அவர்.

"நேத்து சாயங்காலம் நாந்தான் அந்தக் கெமிக்கலக் கொட்டிட்டு, கெணத்து ஜலம் நெறச்சேன். சுத்தமா. சாமிக்கு அரைக்கற எடம் அல்லே?"

"எங்கிட்ட கேட்டேளா, அண்ணா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஜலமும் குளிருமோன்னோ?"

குளிரும், உறையவும் உறையும். மனுஷர் ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம். கோயிலில் பூக்கூடையை நகர்த்தக்கூட நாலு பேரிடம் கேட்கிறவருக்கு, இவளிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாஸ்டல்காரன் போனில், "இனி வேண்டா சேச்சி" என்று வைத்துவிட்டான்.

"அண்ணா பெரியவர், தெரியாம பண்ணிட்டார். விட்டுடு," என்றான் கணவன் வெங்கிடேஷ். அவள் நசுங்கிய காயிலைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தாள்.

மறுநாள் காலை சாம்பசிவன் ஈர வேஷ்டியோடு தூக்குவாளியை நீட்டினார். "வடை மாவு எங்கே? நடை தெறந்தாச்சு."

கிரைண்டர் காய்ந்து கிடந்தது. ராஜஸ்ரீ தரையில் உட்கார்ந்து மூன்றாவது காயிலை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"கெணத்துல ஜலம் இருக்கு, அண்ணா. சுத்தமா இருக்கு. அதையே கொண்டுபோய் நைவேத்யம் பண்ணிடுங்கோ."