குழாயடிக்குப் போன இரண்டு கண்டல்கள்

கன்றின் அடியில் அளவுகோலை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "நிமிந்து நில்லுகா" என்கிறார் அன்னப்பூரணி. கண்டல் கன்று நிமிர்வதில்லை. அவரே நுனியைத் தூக்கிப் பிடித்து அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த சாடிக்கு நகர்கிறார். தினமும் காலையில் இப்படித் தொண்ணூறு பேரோடு பேச்சு.

பழுகாமத்தில் பிறந்து வந்தாறுமூலைக்கு வாழ்க்கைப்பட்டவர். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத் தோட்டத்தில் வேலை. ஏறாவூர் நஸீபா என்ற ஆராய்ச்சி மாணவி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அம்பாந்தோட்டைக் கரைகளில் தானாக வளரும் கண்டல் என்ற அலையாத்தி மரங்களின் முளைகளை முப்பது முப்பதாகக் கொண்டுவந்து இவரிடம் ஒப்படைத்தார். ஒரே சேறு, ஒரே தண்ணீர். வடக்கிலிருந்து தெற்கே போகப்போக வளர்த்தி எப்படி மாறுகிறது என்பது கேள்வி.

ஆறாம் மாதமே அன்னப்பூரணியிடம் பதில் இருந்தது. "வடக்கால வந்தவள் கட்டை, தண்டு மொத்தம். தெற்கால வந்தவள் வானத்துக்குப் பாயப் பாக்கிறாள். நம்மட ஆக்கள் நடுவில நிண்டு யோசிக்கிறாங்க."

கார்த்திகை வெள்ளம் சாடிகளையெல்லாம் உருட்டிக் கலந்துவிட்டது. எது எந்தக் கரை என்று காட்டும் எண் எழுதிய தகடுகள் வாவிக்குப் போய்விட்டன. நஸீபா சேற்றில் குந்தியிருந்து அழுதார்.

"அழாதகா. எனக்கு எல்லாரையும் தெரியும்" என்று அன்னப்பூரணி சாடிகளைப் பிரிக்கத் தொடங்கினார். நஸீபா பதறித் தடுத்தார்.

"வேணாம் பூரணியக்கா! கட்டையானதையெல்லாம் வடக்கு எண்டு நீங்க வெச்சா, மறுகா வடக்கு கட்டை எண்டு நான் எப்படி எழுதுற? நம்மளே விடையச் சொல்லிக் குடுத்த மாதிரிப் போயிருமே."

அன்னப்பூரணி வீட்டுக்கு ஓடிக் கொப்பியைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், யாரும் கேட்காத ஊர்க்கதை எழுதியிருந்தது: 'இலையில அரைவட்டமாப் பூச்சி தின்னது.' 'இடப்பக்கம் கூன்.' 'காகம் கொத்தின தழும்பு.'

"உசரத்தப் பார்க்க வேணாம் புள்ள. காயத்தப் பார்த்துப் புடிப்பம்."

நான்கு நாட்கள் நஸீபா வாசிக்க, அன்னப்பூரணி சேற்றில் முழங்காலிட்டுத் தேடினார். காயம் பொருந்தினால் "இந்தா இரிக்காள் கள்ளி!" என்று ஒரு கூச்சல். பக்கத்துக் கட்டடத்து மாணவர்கள் யன்னலில் நின்று கைதட்டினார்கள். எண்பத்தெட்டுக் கன்றுகளுக்கு எண் திரும்பக் கிடைத்தது.

மிஞ்சியவை இரண்டு. எந்த வடுவுமில்லாத நல்ல பிள்ளைகள். கொப்பியிலும் அவற்றைப் பற்றி ஒன்றுமில்லை. ஒன்று குட்டை, மற்றது நெட்டை.

நஸீபாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது; நெட்டையைக் காட்டினார். "இதப் பார்த்தாலே தெற்கு எண்டு தெரியுதே அக்கா! எழுதிருவமா?"

"எழுதப்படா. எனக்குத் தெரியா. இந்த ரெண்டும் கணக்குல வேணாம்" என்றார் அன்னப்பூரணி.

இரண்டு சாடிகளையும் இடுப்புக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் தனியே வைத்தார். அன்றைய முதல் வாளித் தண்ணீரை அவற்றுக்கு ஊற்றினார்.