வெந்நீர் அடுப்புக்குப் போன முதல் பாடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது. அப்படியும் வாரா வாரம் படிக்கிறீர்கள்... இந்த வாரம் பொறுமை கொஞ்சம் கூடவே வேண்டும் — கம்ப்யூட்டர் விஷயம்.

மானாம்பதியில் இருக்கும் என் தங்கையின் மகள் மல்லிகா, மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். பத்து நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, உத்திரமேரூரில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுத் தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் புத்தகம் எழுதச் சொன்னாராம் மேனேஜர். திங்கட்கிழமை முதல் பாடம் கொடுக்க வேண்டும். தேறினால் முழுப் புத்தகமும் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

எதைப் பற்றி? கம்ப்யூட்டரில் எழுதியதை நாலு பேர் நாலு தரம் திருத்துவார்களாம். யார் திருத்தியது, எப்போது, எதற்கு என்று குறித்துக்கொண்டு, பழையதையும் அழியாமல் வைத்திருக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டாம்.

"உனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும் பெரிம்மா" என்றாள். பாராட்டா, வேறேதாவதா? நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கிலீஷில் அவள் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். 'தப்பு செய்துவிட்டால் பயப்படாதே, நேற்று இருந்த மாதிரியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' — இதுதான் ஆரம்பம். எனக்கே புரிந்தது.

ஞாயிறு காலை வெந்நீர் அடுப்பு பற்றவில்லை. மல்லிகா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த தாள்கட்டைப் பிரித்தால், பாதித் தாளில் முழுக்கக் கோடு அடித்திருந்தது. பாதி, மணிமணியான கையெழுத்து. மனுவோ கல்யாணச் சாமான் பட்டியலோ, நல்ல பிரதி எடுத்ததும் அடித்த தாள் அடுப்புக்கு — நம் வீடுகளில் வேறென்ன வழக்கம்? வெந்நீர் நன்றாகவே கொதித்தது.

குளித்துவிட்டு வந்து அந்த நல்ல பிரதியையும் சொல்லிக் காட்டினாள். அவள் புருஷன் திருத்தி எழுதியதாம். அவரும் கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டர் எந்த தேசத்தில் பிறந்தது, அதில் எத்தனை வகை... இரண்டு பக்கம் போயும் விஷயம் வரவில்லை.

"இன்னாடி இது? நேத்து சொன்னதுதான் நல்லா இருந்துது."

"எனுக்கும் அதான் புடிக்குது. அதையே குடுத்துடறேன். அவுரு கோடு அடிச்ச தாளுங்க எங்க கீது?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"ஒரு மாசமா எழுதினது பெரிம்மா." சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பழச அழிக்காதன்னு ஊருக்குச் சொல்ல வந்தவ... நானே ஒரு நகல் வெச்சிக்கல பாரு."

"திட்டணும்னா திட்டிடுடி."

"திட்டிக்கினு இருந்தா சாயங்கால பஸ்ஸுக்குள்ள யாரு எழுதறது? புதுசா வர்றவனுக்கு மொதல்ல இன்னா சொல்லணும், நீயே சொல்லு."

"திரும்ப எடுத்துக்கலாம்னு சொல்லு. கம்ப்யூட்டர் பொறந்த ஊர அப்பால சொல்லிக்கலாம்."

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. குறிப்பு எழுதி வைப்பதற்கு ஓர் உதாரணமும் புதிதாகச் சேர்த்தாள்:

'திருத்தியவர்: கணவர். காரணம்: படித்தவர் எழுதியது போல் தெரிய. அழித்தவர்: பெரியம்மா. காரணம்: வெந்நீர்.'

நேற்று கடிதம் வந்தது. பாடம் தேறிவிட்டது, முழுப் புத்தகமும் அவளுக்கே. மேனேஜர் ஒரே ஒரு திருத்தம் செய்தாராம் — 'பெரியம்மா' என்பதை அடித்துவிட்டு, 'ஓர் ஊழியர்'.

இந்த வயதில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம்! சாஃப்ட்வேர் பற்றி நான் எழுதியது சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். சேர்ந்ததும் சேராததுமாக வேலை போய்விடக் கூடாது, பாருங்கள்.